பழைய உத்தரம் என்ன மரம்?

நம்ம கடைமடைப் பக்கத்தில் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டுவது வழக்கமாகிவிட்டது. பிரிக்கும்போது தூண், உத்தரம், கைமரம் என்று ஒரு வண்டி மரம் இறங்கும். தேக்கு என்றால் தனியாக எடுத்து வைக்கிறோம். மற்றதெல்லாம் புகையேறிக் கறுத்துக் கிடப்பதால், ‘ஏதோ காட்டு மரம்’ என்று விறகு விலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஏதோ மரம் எது, மரத்தை அடையாளம் காணும் வித்தை எப்படி வளர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அங்கே ஒலிக்கிற நாயனம் கடைசல் பிடித்த மரம்தான். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள நரசிங்கப்பேட்டை, நாயனம் செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே குழல் பகுதியை ஆச்சா மரத்திலும், கீழே விரிந்திருக்கும் அணசை வாகை மரத்திலும் கடைகிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில்தான் குட்டையான திமிரி போய், நீளமான பாரி நாயனம் மேடைக்கு வந்தது. அவருக்கு அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கப்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. 2022-இல் இந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புதிதாக வெட்டிய ஆச்சா நாயனத்துக்கு உதவாது. ஈரம் காயக்காய வெடிப்பு விடும், சுருதியும் மாறும். அதனால் பழைய வீடுகளில் பல ஆண்டு காய்ந்து கிடந்த மரத்தையே ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். ஆச்சா வறண்ட கல்லாங்காட்டு மரம். நம்ம களிமண்ணில் தானாக முளைக்காது. முன்னோர் மேட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வீட்டில் ஏற்றியதுதான் இங்கே இருப்பு. அதை அடுப்பில் வைத்தால் வைத்ததுதான்.

சரி, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. ‘பாலை’ என்ற பெயரையே பாருங்கள். வெட்பாலை வெள்ளை மரம். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் பொம்மை கடைவது அதில்தான். ஏழிலைப்பாலை லேசான மரம். உலக்கைப்பாலையோ இரும்பு மாதிரி கெட்டி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மூன்றும் வேறு வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வேலை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. திருக்கடையூருக்குத் தெற்கே சில கல் தொலைவில் இருக்கும் தரங்கம்பாடி, அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் கோனிக், 1768-இல் வைத்தியராக அங்கே வந்து இறங்கினார். 1776-இல் வந்த ராட்லர் பாதிரியார் செடிகளையும் சேகரித்தார், தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். கோனிக்குடன் நெருங்கிப் பழகிய ராக்ஸ்பர்க் என்ற வைத்தியர்தான் ஆச்சாவுக்கு ஹார்ட்விக்கியா பைனேட்டா என்று பெயர் வைத்தவர். ‘பைனேட்டா’ என்றால் இரட்டை. நிற்கிற மரத்தில் இலை இரண்டிரண்டாக, ஜோடியாக இருக்கும்.

ஆனால் உத்தரத்தில் இலை ஏது, பூ ஏது? அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. வன அதிகாரி கேம்பிள் 1881-இல் இந்திய மரங்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். மரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் துளைகளையும் கோடுகளையும் வைத்தே மரங்களைப் பிரித்துக் காட்டினார். 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே மரத்துண்டுகளையே நூலகம்போல அடுக்கி வைத்து, வருகிற துண்டை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

நீங்களும் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கறுத்த மேற்பரப்பை நம்ப வேண்டாம். ஓரத்தை இழைத்து, உள் வைரத்தைப் பாருங்கள். ஆச்சா கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த கோடுகளுடன் இருக்கும். பலா மஞ்சள். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் தனி வாசனையும் இருக்கும். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால், வெயிலில் நீலம் பளபளக்கும்.

அடுத்தது எடை. ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28 கிலோ. தேக்கு 18, 19 கிலோதான், அதனால் மிதக்கும். ஆச்சா தண்ணீரைவிடக் கனம், முழுகிப் போகும். ஆனால் முழுகியதெல்லாம் ஆச்சா என்று நினைத்துவிடாதீர்கள், கருங்காலியும் முழுகும். ஆகவே ஒரு குணத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது, வெட்டுவாய். கூரான கத்தியால் குறுக்கே ஒரே சீவாகச் சீவி, ஈரம் தடவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சால் பாருங்கள். துளைகள் வரிசையாக நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா? அவற்றைச் சுற்றி வெளிறிய வளையம் உண்டா? பெயர் தெரிந்த மரத்துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேலை சுலபம்.

அப்படியும் சந்தேகமா? வைரப்பகுதி உள்ள கையகலத் துண்டு ஒன்றைப் பெங்களூர் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். உள்ளூர்க் கடைசல் ஆசாரியிடம் காட்டினாலும் உளி பட்ட மாத்திரத்தில் பாதி சொல்லிவிடுவார்.

வீடு பிரிக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கனமான துண்டுகளை வெயில், மழை படாமல் தனியே அடுக்கி வையுங்கள். என்ன மரம் என்று தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள். பாட்டன் ஏற்றிய உத்தரம் அடுப்பில் எரிய வேண்டுமா, பேரன் கல்யாணத்தில் நாயனமாக ஒலிக்க வேண்டுமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.