விண்ணை விற்றவரும் மண்ணை விற்றவரும்

நிலம் கண்ணுக்குத் தெரியும் பொருள். எனவே அதில் வஞ்சனைக்கு இடமில்லை என்று எண்ணுவோர் பலர். வரலாறு நமக்கு அவ்வாறு கூறவில்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விவசாயிகளின் சேமிப்பை வெற்றுப் பத்திரங்கள் விழுங்குகின்றன என வங்கி ஆணையாளர் டொலி முறையிட்டார். நீலவானத்தையே கூறுபோட்டு விற்கத் துணிந்தவர்கள் என்னும் ஏச்சு எழுந்தது. 1911இல் அங்கு பிறந்த 'நீலவானச் சட்டம்', பத்திரம் விற்பவர் முன்கூட்டியே அரசிடம் கணக்குக் காட்டி அனுமதி பெறவேண்டும் என்றது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

ஆனால், முதலீடு காணி உறுதியின் வடிவிலும் வந்தது. புளோரிடாவில் தோடந் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற நிறுவனமொன்று, பயிர்ச்செய்கையையும் அறுவடையையும் பெரும்பாலும் தன் கையிலேயே வைத்திருந்தது. வாங்கியவரிடம் இருந்தது உறுதி. இலாபமோ பிறர் முயற்சியில். மாநில நீதிமன்றங்கள் முன்னரே வகுத்த வழியில் நின்று, 1946இல் உச்ச நீதிமன்றம் இதனை முதலீட்டு ஒப்பந்தம் என்றது. பெயரை விடுத்துப் பொருளை நோக்கிய தீர்ப்பு அது.

1996இன் சமஷ்டிச் சட்டம் பல வெளியீடுகளில் மாநிலங்களின் முன்னனுமதி அதிகாரத்தை நீக்கியது. மோசடியை விசாரிக்கும் அதிகாரமே எஞ்சியது. நாம் கேட்கிறோம்: பணம் பறிபோனபின் வரும் விசாரணை, உழைப்பாளியின் இழந்த ஆண்டுகளை மீட்டுத் தருமா?