அம்மாமார் செய்த வேலைக்கு ஒரு படிப்பு

பலெர்மோவில் வளர்ந்த எங்களுக்கு 'பதாந்தே' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. இத்தாலிய வீடுகளில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள். எங்கள் அம்மாமார் பலர் அந்த வேலை செய்தவர்கள். அது வைத்தியசாலையில் செய்யப்படும்போது அதற்கு ஒரு படிப்பும் சான்றிதழும் உண்டு. அதன் கதை இது.

1954-இல் ஒரு சட்டம் 'இன்ஃபெர்மியேரே ஜெனேரிக்கோ' எனும் பொதுத் தாதியருக்குப் பாடசாலைகளை உருவாக்கியது. முழுத் தாதிக்கு ஒரு படி கீழே அவர்கள். 1974-இல் யார் எதைச் செய்யலாம் என்று அரசு பட்டியலே போட்டது. 1980-இல் இன்னொரு சட்டம் வந்தது. வேலையில் இருந்த பொதுத் தாதியர் மேலும் படித்து முழுத் தாதியாக அது வழி திறந்தது.

1990-களில் தாதிப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குப் போனது. நோயாளிக்கு அருகில் நின்று அன்றாடப் பராமரிப்பைச் செய்ய 2001-இல் 'ஓ.எஸ்.எஸ்.' என்ற புதிய தொழில் வந்தது. அப்போது சேர 17 வயதும் கட்டாயக் கல்வியும் போதுமாக இருந்தன. 1000 மணித்தியாலப் படிப்பு; அதில் 450 நேரடிப் பயிற்சி.

ஆனால் 1980-இல் போட்ட ஏணி இவர்களுக்கு இல்லை. ஓ.எஸ்.எஸ். ஒருவர் தாதியாக வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருடப் பட்டப்படிப்பைப் படிக்கவேண்டும். சேருமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: படுக்கையில் இருப்பவரை வலிக்காமல் புரட்டுவது எப்படி என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். வகுப்பில் சொல்லித்தரும் அந்தப் பாடம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.