வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு ஒற்றன் இருக்கானா? ஸ்பைவேரை விரட்ட ஸ்டெப் பை ஸ்டெப் வழி!

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் எந்தத் தெருவை எடுத்துக்கிட்டாலும், ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப்போ, மொத்தக் குடும்பத்துக்கும் பொதுவான ஒரு லேப்டாப்போ இருக்கும். அப்பாவோட பென்ஷன் அக்கவுண்ட், ஈ.பி. பில், தங்கச்சியோட காலேஜ் ப்ராஜெக்ட், உங்க ஆபீஸ் மெயில், தம்பி எங்கிருந்தோ இறக்கின கேம்... எல்லாமே அந்த ஒரே மெஷின்லதான். உங்க போனுக்கு விரல் ரேகை லாக் போட்டிருப்பீங்க. அந்த கம்ப்யூட்டருக்கு?

ஸ்பைவேர் தேடி வர்றது இந்த மாதிரி மெஷினைத்தான். கம்ப்யூட்டரை உடைக்கிறது அதோட வேலை இல்லை. சத்தமில்லாம உட்கார்ந்து, நீங்க தட்டுற பாஸ்வேர்டு, போற வெப்சைட், சேமிச்ச ஃபைல் எல்லாத்தையும் வெளியே அனுப்புறதுதான் வேலை. மெஷின் நல்லா ஓடினால்தான் அதுக்கும் லாபம்.

கூடங்குளத்துக்கே வந்தது!

'நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?'ன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி, 2019-ல் நடந்ததைப் பார்ப்போம். கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் குறிவைத்து 'டிட்ராக்' என்ற ஸ்பைவேர் நுழைந்ததாகத் தகவல் பரவியது. அக்டோபர் 29-ம் தேதி நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் கணினி அவசரக்கால அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4-ம் தேதியே இதைக் கவனித்துத் தெரிவித்திருந்தது.

பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் சிஸ்டம் இல்லை. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு பி.சி. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்றது கழகம். டிட்ராக் வகை ஸ்பைவேர், கீபோர்டில் தட்டுவதையும் பிரவுசர் ஹிஸ்டரியையும் ஃபைல் பட்டியலையும் திரட்டக்கூடியது. நமக்கு இதில் ரெண்டு பாடம். ஒண்ணு, இன்டர்நெட்டில் இருக்கும் எந்த பி.சி-யும் விதிவிலக்கு இல்லை. ரெண்டு, முக்கியமானதைத் தனியாகப் பிரித்து வைத்தால் சேதம் அங்கேயே நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

* பிரவுசரின் ஹோம் பேஜோ, சர்ச் இன்ஜினோ தானாக மாறியிருக்கும்.
* நீங்க போடாத எக்ஸ்டென்ஷன், டூல்பார் உட்கார்ந்திருக்கும்.
* விண்டோஸ் செக்யூரிட்டி ஆஃப் ஆகியிருக்கும், ஆன் பண்ணினாலும் நிற்காது.
* சும்மா இருக்கும்போதே ஃபேன் அலறும், டேட்டா ஓடும்.
* 'புதிய டிவைஸில் லாகின்' என்று மெயில் வரும்.

இதில் ஒண்ணு மட்டும் இருந்தால் வேறு காரணமாகவும் இருக்கலாம். ரெண்டு மூணு சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்க. கடைசி அறிகுறி மட்டும் தனியாக வந்தாலே போதும், உடனே வேலையை ஆரம்பிச்சிடுங்க.

சரி, இப்ப என்ன பண்ணணும்?

வரிசை முக்கியம். மாத்திச் செஞ்சா, புது பாஸ்வேர்டும் திருடன் கைக்கே போகும்.

1. நெட்டை வெட்டுங்க. வைஃபையை ஆஃப் பண்ணுங்க, கேபிள் இருந்தால் உருவிடுங்க. ஒற்றனால் இனி எதையும் அனுப்ப முடியாது.

2. போனிலிருந்து பாஸ்வேர்டை மாத்துங்க. அந்த கம்ப்யூட்டரில் மாத்தவே கூடாது. முதலில் மெயில், ஏன்னா மத்த எல்லா அக்கவுண்டுக்கும் ரீசெட் லிங்க் அங்கேதான் வரும். அடுத்து பேங்க், அப்புறம் சோஷியல் மீடியா. கூடவே 'எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு' ஆப்ஷனையும் அழுத்துங்க. இப்போது வரும் பல ஸ்பைவேர்கள் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, லாகின் ஆகியிருக்கும் குக்கீயையே தூக்கிட்டுப் போயிடும். அது இருந்தால் ஓ.டி.பி. கூட இல்லாமல் உள்ளே வர முடியும்.

3. தெரியாததை நீக்குங்க. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போங்க. தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், பிரச்னை ஆரம்பிச்ச நாளில் என்ன வந்ததுன்னு தெரிஞ்சிடும். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ரிமோட் ஆப் இருந்து, வீட்டில் யாரும் பயன்படுத்தலைன்னா உடனே எடுத்துடுங்க. அந்த ஆப்கள் தப்பில்லை. ஆனா, 'கஸ்டமர் கேர்'னு பேசுற மோசடிக்காரங்களுக்கு அதுதான் வாசல்.

4. பிரவுசரைச் சுத்தம் பண்ணுங்க. வேண்டாத எக்ஸ்டென்ஷனை நீக்கி, செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்க. நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலையும் பாருங்க. 'உங்க கம்ப்யூட்டரில் வைரஸ்!' என்று மூலையில் வரும் பாப்-அப் பலதும் அங்கிருந்துதான் வருது.

5. ஸ்டார்ட்-அப்பைப் பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்-அப் ஆப்ஸில் பேர் தெரியாதது இருந்தால் டிஸேபிள் பண்ணுங்க. அதை அழிக்காமல், அது என்னன்னு போனில் தேடிப் பாருங்க.

6. ஸ்கேன். இப்போது மட்டும் நெட்டை இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் பண்ணுங்க. முதலில் ஃபுல் ஸ்கேன். அடுத்து ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேன். இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுசாகத் திறக்கும் முன்பே தேடும். அதனால் ஒளிஞ்சிருக்கும் ஸ்பைவேருக்கு ஓட நேரமில்லை. சுமார் 15 நிமிஷம் ஆகும், திறந்திருக்கும் வேலையை சேவ் பண்ணிட்டு ஆரம்பிங்க.

7. ரெண்டாவது கருத்து. டாக்டரிடம் கேட்பது மாதிரி இதிலும் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவச டூல்கள் உண்டு. எதுவானாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. விளம்பரத்தில் வரும் 'ஃப்ரீ க்ளீனர்' பல நேரம் அதுவே ஸ்பைவேர்.

திரும்பத் திரும்ப வருதா?

ஸ்கேன் சுத்தம்னு சொல்லியும் நாலு நாளில் மறுபடி வந்தால் மூணு இடத்தைப் பாருங்க. முதலில் குரோம் ஸின்க். அதே கூகுள் அக்கவுண்ட் உள்ள இன்னொரு லேப்டாப்பில் அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தால், அங்கிருந்து திரும்பி வரும். அங்கேயும் நீக்கணும். அடுத்து பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொடுத்துட்டு வந்ததை ஸ்கேன் பண்ணாமல் திறக்காதீங்க. மூணாவது, க்ராக் சாஃப்ட்வேர். விண்டோஸையோ ஆபீஸையோ ஓசியில் ஆக்டிவேட் பண்ணும் 'ஆக்டிவேட்டர்', ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னால், ஏன்னு யோசிங்க. வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்லிட்டு உள்ளே வர்றவன் விருந்தாளி இல்லை.

அப்படியும் போகலைன்னா, போட்டோவையும் டாக்குமென்டையும் மட்டும் காப்பி எடுத்துட்டு, 'ரீசெட் திஸ் பி.சி'யில் எல்லாவற்றையும் அழிக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க. பழைய இன்ஸ்டாலர் ஃபைல்களை மட்டும் காப்பி எடுக்காதீங்க, ஒற்றனும் கூடவே வந்துடுவான். அரை நாள் போகும், நிம்மதி கிடைக்கும்.

இனி வராமல் இருக்க...

* தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். அட்மின் அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஒருத்தர் கையில் மட்டும். தம்பி எதை இன்ஸ்டால் பண்ணினாலும் கேட்டுட்டுத்தான் பண்ணணும்.
* பேங்க் வேலைக்குத் தனி விண்டோஸ் அக்கவுண்டோ, தனி போனோ வச்சுக்கோங்க. கூடங்குளம் பாடம்தான் இது.
* அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிஞ்சிருச்சு. இன்னும் அதிலேயே இருந்தால் மாறும் வழியைப் பாருங்க.
* 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் அழுத்தி, எதையோ பேஸ்ட் பண்ணச் சொல்லும் பக்கம் வந்தால் மூடிடுங்க. உங்க கையாலேயே உங்க வீட்டைத் திறக்க வைக்கும் தந்திரம் அது. 'லும்மா' என்ற ஸ்பைவேர் இப்படியும் பரவியது. 2025 மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான 2 மாதங்களில் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

வச்சவர் தெரிஞ்சவராக இருந்தால்?

இது கொஞ்சம் கஷ்டமான விஷயம். சில நேரம் ஒற்றனை வைப்பது முகம் தெரியாத ஹேக்கர் இல்லை. கணவர், முன்னாள் காதலர், உறவினர். நீங்க யாரிடமும் சொல்லாத விஷயம் ஒருத்தருக்கு எப்படியோ தெரியுதுன்னா யோசிங்க. இந்த நேரத்தில் அவசரப்பட்டு நீக்காதீங்க. நீக்கினால் அவருக்குத் தெரிஞ்சிடும், ஆதாரமும் போயிடும். ஸ்கிரீனை போனில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நம்பிக்கையான ஒருத்தரிடமோ, பெண்கள் உதவி எண் 181-லோ, வேறொரு போனிலிருந்து பேசுங்க. இன்னொருத்தர் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் ஸ்பைவேர் போடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். 'அக்கறையிலதான் பார்த்தேன்' என்பதெல்லாம் சாக்கு.

பணம் போயிடுச்சுன்னா?

மெஷினைச் சுத்தம் பண்றதை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் 1930-க்கு போன், அடுத்து பேங்குக்கு. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ, அந்தப் பணம் வேறு அக்கவுண்டுக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்க. சிட்லபாக்கம்காரங்க, 2022 ஜனவரியிலிருந்து இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் க்ரைம் பிரிவை நேரில் அணுகலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ஹால் கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, அந்த ஆப்ஸ் பட்டியலை அப்பாவோட உட்கார்ந்து ஒருமுறை பாருங்க. 'இது என்னப்பா?'ன்னு நீங்க கேட்டு, 'எனக்கென்னடா தெரியும்'னு அவர் சொல்ற ஐட்டம்தான் முதலில் தேட வேண்டியது.