மிச்சிகனின் வெள்ளை சக்கரும் கிளாமத்தின் ச்வாமும்

பனி உருகி ஆறுகள் பெருகும் இளவேனில் தொடக்கத்தில், முட்டையிட ஆறேறும் வட அமெரிக்க மீன்களில் முந்திக்கொள்பவற்றுள் ஒன்று சக்கர். கெண்டைக்குத் தூரத்து உறவு. தலையின் அடிப்பக்கத்தில் தடித்த உதடுகளோடு வாய். ஆற்றுத் தரையிலுள்ள புழு பூச்சிகளை அதைக்கொண்டு உறிஞ்சித் தின்னும். நம்மூர்க் கண்ணாடித் தொட்டிகளில் இதே பெயரில் வளர்க்கப்படுவது வேறு மீன். இந்தக் குடும்பத்தில் இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, மிச்சிகன் மாநிலத்து ஆறுகளில் ஏறும் வெள்ளை சக்கர். மற்றொன்று, ஆரிகன் மாநிலத்தின் கிளாமத் மக்கள் 'ச்வாம்' என்று அழைக்கும் லாஸ்ட் ரிவர் சக்கர். முன்னதை உரிமச் சீட்டு வாங்கிய எவரும் பிடிக்கலாம். பின்னதன் மீது தூண்டில் போடுவதே குற்றம்.

மிச்சிகனின் ரைஃபிள் ஆறு, ஓமர் என்ற சிற்றூரைக் கடந்து ஹியூரான் ஏரியின் சாகினா விரிகுடாவில் கலக்கிறது. ஏப்ரலில் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஏரியிலிருந்து வெள்ளை சக்கர்கள் கூட்டமாக ஏறும். புதுவெள்ளத்தில் கெளுத்தி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். கரையில் கவைக்குச்சி நட்டு அதில் தூண்டில் கோலைச் சாய்த்துவைப்பார்கள். முள்ளில் மண்புழு, இரை தரையோடு கிடக்க ஈயக்குண்டு. சக்கர் வெடுக்கென்று இழுக்காது. கோலின் நுனி மெல்ல இரண்டு மூன்று முறை தலையசைக்கும். அதைக் கவனிக்கப் பொறுமை இருப்பவருக்கே மீன் கிடைக்கும்.

குளிர்ந்த நீரில் பிடித்த சக்கரின் சதை கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். வெயில் ஏற ஏறத் தளர்ந்துவிடும். சதைக்குள் கவைக்கவையாக முட்கள் உண்டு. அதற்காக சதையை நெருக்கமாகக் கீறி, கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கிறார்கள். சிறு முட்கள் மொறுமொறுத்துக் கரைந்துவிடும். புகையில் வாட்டுவதும், புட்டியில் அடைத்து வேகவைப்பதும் உண்டு. ஆனாலும் ட்ரவுட், சால்மன் தேடி வருபவர்கள் இதை மட்டமான மீன் என்றே ஒதுக்குகிறார்கள். அந்த அலட்சியம் நியாயமற்றது. பெண் மீனை இருபுறமும் ஆண்கள் நெருக்கிக்கொண்டு உடல் நடுங்க, கூழாங்கற்களுக்கிடையே முட்டைகள் ஆயிரக்கணக்கில் சிதறுகின்றன. ஏரியின் சத்து இப்படி முட்டையாகவும் கழிவாகவும் ஓடைக்கு வந்து சேர, பூச்சிகளும் பிற மீன்களும் அதில் தழைக்கின்றன. ட்ரவுட் பிடிப்பவரும் ஒருவகையில் சக்கருக்குக் கடன்பட்டவரே.

ஆரிகனில் கதை நேர்மாறு. அங்கே கிளாமத் மக்களிடையே ச்வாம் மட்டமாக மதிக்கப்பட்டதே இல்லை. மேல் கிளாமத் ஏரியிலிருந்து வில்லியம்சன், ஸ்ப்ரேக் ஆறுகளுக்கு அது மார்ச்சில் ஏறும். குளிர்காலக் கையிருப்பு தீர்ந்த நேரத்தில் கிளாமத் மக்களின் பசி தீர்த்த உணவு அது. வெள்ளை சக்கர் பெரும்பாலும் அரை மீட்டருக்குள் அடங்கும்; ச்வாம் ஒரு மீட்டரை நெருங்கும், 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதன் வருகையை வரவேற்க இன்றும் ஆண்டுதோறும் சடங்கு நடக்கிறது. 1864 உடன்படிக்கை அம்மக்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதிசெய்தது. ஆனால் மீன் குறைவதைக் கண்டு 1986-இல் அவர்களே தங்கள் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1988-இல் அமெரிக்க அரசு ச்வாமை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

இனி ஒப்பீட்டின் மையத்துக்கு வருவோம். இரண்டுமே ஏராளமாக முட்டையிடுபவை. இரண்டுமே ஒருகாலத்தில் ஆறு நிறைய ஏறியவை. பிடிப்பதை நிறுத்தினால் மீன் பெருகும் என்றால், இத்தனை ஆண்டுகளில் ச்வாம் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. முட்டை பொரிகிறது, குஞ்சுகள் ஏரிக்கு வருகின்றன, பெரிதாவதற்குள் மடிந்துபோகின்றன. இன்று முட்டையிடும் மீன்களில் பெரும்பாலானவை 1990-களின் தொடக்கத்தில் பிறந்தவை. அடுத்த தலைமுறை வரவே இல்லை.

காரணம் தண்ணீர். ஏரியைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் ஆக்கினார்கள். அங்கிருந்து பாஸ்பரஸ் ஏரியில் இறங்க, கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. அது செத்து அழுகும்போது நீரில் உயிர்வளி வற்றிவிடுகிறது. ஸ்ப்ரேக் ஆற்றில் சிலோக்வின் அணை முட்டையிடும் இடங்களுக்குப் போகும் வழியைப் பல பத்தாண்டுகள் மறித்தது. 2007-இல் வில்லியம்சன் கழிமுகத்தின் கரைகளை வெடிவைத்து உடைத்துச் சதுப்பு நிலத்தை மீட்கத் தொடங்கினார்கள். 2008-இல் அந்த அணையும் அகற்றப்பட்டது. குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். நல்ல வேலைகள்தாம், ஆனால் காலம் கடந்து தொடங்கியவை.

வெள்ளை சக்கர் பிழைத்திருப்பதற்கு மனிதர்களின் அக்கறை காரணமல்ல. ஓரளவு கெட்ட நீரையும் தாங்கும் உடம்பு அதற்கு; குஞ்சுகள் வளர ஓடைகளும் ஏரிகளும் பரந்து கிடக்கின்றன. ஆனால் மிச்சிகனிலும் அணைகளும், சாலைக்கடியில் உயரமாகப் பதித்த குழாய்களும் பல ஓடைகளில் மீனேற்றத்தைத் தடுக்கின்றன.

இரண்டையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. கிளாமத் மக்களின் பக்தியும் தியாகமும் போற்றத்தக்கவை. ஆனால் மீன் வளரும் நீர் கெட்டபின் தடைச்சட்டத்தால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது. மிச்சிகனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. மீன் மலிந்திருக்கும் இப்போதே அதைக் கணக்கெடுக்க வேண்டும், ஓடைகளின் அடைப்புகளை நீக்க வேண்டும், சதுப்பு நிலங்களில் கைவைக்காமல் இருக்க வேண்டும்.