அஹ்மத் எனும் பெயர் தாங்கியோர்



கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பாடசாலை வகுப்பறையின் வாசலில் நின்று "அஹமட்" என்று அழைத்துப் பாருங்கள். குறைந்தது மூன்று மாணவர்களாவது எழுந்து நிற்பார்கள். தபாற்காரர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் தடுமாறுவதும் இதனாற்றான். ஊரார் இதற்கு எளியதொரு வழியைக் கண்டு வைத்திருக்கின்றனர். தோணி கட்டுபவர் ஓடாவி அஹமட். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர் வட்டவிதானை அஹமட். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி அஹமட். பெற்றோர் சூட்டிய பெயரோடு அவரவர் கைத்தொழில் வந்து ஒட்டிக்கொள்கின்றது.

அரபு உலகினரும் இவ்வாறே செய்தனர். தந்தையின் பெயரை, பிறந்த ஊரை, சில வேளை தொழிலையும் சேர்த்தே ஒருவரைக் குறிப்பிட்டனர். ஈஸா (அலை) அவர்கள் தமக்குப் பின்னர் வரவிருக்கும் தூதரின் பெயராக அஹ்மத் என்பதை முன்னறிவித்ததை சூறா அஸ்ஸஃப்பின் 6 ஆம் வசனம் கூறுவதால், இப்பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதில் முஸ்லிம் பெற்றோர் எக்காலத்திலும் மகிழ்வடைந்தே வந்துள்ளனர். ஆகவே, வரலாற்றிலும் அஹ்மத்மார் நிறைந்து காணப்படுகின்றனர். அவர்களுள் பொறியியலாளர், நீரியல் வல்லுநர், கட்டடக் கலைஞர், கடலோடி எனப் பல துறையினர் உளர். ஒருவரின் சாதனையை மற்றொருவரின் மீது ஏற்றி எழுதுவதும், செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிப் பெருமைப்படுவதும் நம்மிடையே சாதாரணமாகிவிட்டன. கைத்தொலைபேசியில் வரும் "முஸ்லிம்களின் கண்டுபிடிப்புகள்" என்ற பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எனவே இவர்களுள் சிலரைப் பிரித்தறிவது பயன் தரும்.

முதலில் பக்தாத் நகருக்குச் செல்வோம். கி.பி. 9 ஆம் நூற்றாண்டில், கலீபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்த மூன்று சகோதரர்கள் அங்கு வாழ்ந்தனர். மூஸா இப்னு ஷாகிரின் புதல்வர்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய அம்மூவரையும் வரலாறு பனூ மூஸா என்று சேர்த்தே அழைக்கின்றது. மூத்தவருக்கு வானியலிலும் இளையவருக்குக் கேத்திர கணிதத்திலும் நாட்டம். நடுவரான அஹ்மதின் உள்ளம் பொறிகளில் ஊன்றியிருந்தது. ஏறத்தாழ கி.பி. 850 இல் எழுந்த, சுமார் நூறு கருவிகளை வரைபடங்களுடன் விளக்கும் 'கிதாபுல் ஹியல்' என்ற நூல் பெரிதும் இவருடையது என்றே அறிஞர் கருதுகின்றனர்.

அந்நூலில் உள்ளவை பல விருந்து மண்டபத்து வேடிக்கைகளே. ஒரே குவளையிலிருந்து வெவ்வேறு பானங்களை ஊற்றுவது, நீரூற்றின் உருவம் தானே மாறுவது போன்றவை. வேடிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும் அமைப்பு அக்கருவிகள் பலவற்றின் உள்ளே மறைந்திருக்கின்றது. நமது வீட்டுக் கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்தும் அந்த வேலையைத்தான் செய்கின்றது. இன்னும் இரண்டு கருவிகள் நம் பகுதியினருக்கு உடனே புரியக்கூடியவை. ஒன்று, நச்சுக் காற்றுத் தேங்கிய கிணற்றினுள் இறங்குபவருக்கு மேலேயிருந்து நல்ல காற்றை வழங்குவது. மற்றையது, சிப்பியின் இரு ஓடுகளைப் போல் திறந்து, நீரின் அடியிற் கிடக்கும் பொருளைக் கவ்வி மேலே கொண்டுவருவது. துறைமுகங்களில் மண்ணள்ளும் இயந்திரத்தின் இரும்பு வாயைக் கண்டவர்கள் இதனை மனக்கண்ணால் காணலாம்.

இதே அஹ்மதை மற்றோர் அஹ்மதுடன் சேர்த்துச் சொல்லும் நிகழ்ச்சியொன்று உண்டு. அது பெருமைக்குரியதன்று, ஆயினும் மறைப்பதற்கும் உரியதன்று.

அந்த மற்றவர் அஹ்மத் அல்-ஃபர்கானி. இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள ஃபர்கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட வானியலறிஞர். கலீபா முதவக்கில் தமது புதிய நகருக்கு நீர் கொண்டுவர தைகிரிஸ் நதியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டும் பொறுப்பை பனூ மூஸாவின் முஹம்மதுக்கும் அஹ்மதுக்கும் அளித்தார். இத்துறையில் அவர்களினும் தேர்ந்தவர் ஸனத் இப்னு அலீ. தொழிற்பொறாமை காரணமாக அவரை அரசவையிலிருந்து அகற்றி பக்தாதுக்கு அனுப்பிவைத்த சகோதரர்கள், வேலையை ஃபர்கானியிடம் ஒப்படைத்தனர். ஃபர்கானி பிழை செய்தார். கால்வாயின் தலைப்பகுதியை ஏனைய பகுதிகளை விட ஆழமாக வெட்டிவிட்டார்.

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்வோருக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. தலை தாழ்ந்து நடு உயர்ந்த வாய்க்காலில் மதகடியில் நீர் நிற்கும். கடைவயலுக்கு ஒரு சொட்டும் சேராது. ஆறு பெருக்கெடுக்கும் மாதங்களில் மட்டுமே நீர் மேட்டைத் தாண்டி ஓடும்.

செய்தி கலீபாவின் செவிக்கு எட்டியது. பிழை உண்மையாயின் இரு சகோதரர்களையும் அக்கால்வாய்க் கரையிலேயே கொன்று தொங்கவிடுவதாகச் சூளுரைத்த அவர், ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஸனதையே அழைத்தார். தாங்கள் துரத்திய மனிதரின் காலடியில் சகோதரர்கள் போய் நின்றனர். ஸனத் தமக்கென எதையும் கேட்கவில்லை. மெய்யியலறிஞர் அல்-கிந்தியின் நூல்களை அவர்கள் சூழ்ச்சியால் பறித்து வைத்திருந்தனர். அவற்றை அவரிடம் திருப்பிக் கொடுங்கள், கிடைத்தது என்று அவர் கைப்பட எழுதிய கடிதத்தைக் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம் என்றார். கடிதம் வந்தது. நதி இன்னும் நான்கு மாதங்கள் பெருகியிருக்கும், அதுவரை பிழை வெளித்தெரியாது. கலீபாவின் ஆயுள் அதுவரை நீளாது எனச் சோதிடர் கூறுகின்றனர். ஆகவே பிழை இல்லையென்றே சொல்வேன் என்றார் ஸனத். சோதிடத்தை நம்புவது நமது மார்க்கத்துக்கு உடன்பாடன்று என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். ஆயினும் நீர் வற்றும் முன்னரே, கி.பி. 861 இல், கலீபா கொல்லப்பட்டார். சகோதரர்களும் தப்பினர்.

ஸனத் பொய் சொல்லலாமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். உயிர்களைக் காப்பதற்காகத் தம் உயிரையே பணயம் வைத்தார் என்பது ஒரு பதில். கால்வாயை நம்பியிருந்த மக்களுக்கு என்ன பதில் என்பது என் மனத்தில் இன்னும் தீராமலே இருக்கின்றது. இந்நிகழ்ச்சியை நமக்காக எழுதிவைத்தவரும் ஓர் அஹ்மதே என்பது வியப்பு. எகிப்தின் கணித அறிஞர் அஹ்மத் இப்னு யூஸுபின் நூலிலிருந்தே 13 ஆம் நூற்றாண்டின் மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ இதனை எடுத்தாண்டார்.

கால்வாயில் தவறிய ஃபர்கானியின் பெயரே, அதே 861 ஆம் ஆண்டில் கெய்ரோவின் ரவ்ழா தீவில் எழுந்த நைல் நதி அளவுமானியோடும் சேர்த்துப் பேசப்படுகின்றது. ஆழமான கற்கிணறு, அதன் நடுவே முழக் கணக்கில் கோடுகள் பொறிக்கப்பட்ட எண்பட்டைப் பளிங்குத் தூண், நதிநீர் உட்புகச் சுரங்க வழிகள். ஆண்டுதோறும் வெள்ளம் எத்தனை முழம் ஏறுகின்றதென்று பார்த்தே விளைச்சலும் வரியும் மதிப்பிடப்பட்டன. பதினாறு முழம் என்றால் நாடு மகிழும். மிகக் குறைந்தால் பஞ்சம், மிக உயர்ந்தால் அழிவு. குளத்து மதகருகே நிற்கும் அளவுகோலை நம் விவசாயிகள் எத்துணைக் கவலையோடு பார்க்கின்றனர் என்பதை அறிந்தவர்களுக்கு அத்தூணின் அருமை புரியும். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நினைவிற் கொண்டிருக்கும் மூத்தோர் நீரின் வலிமையைக் கண்ணாற் கண்டவர்கள். அந்த அளவுமானி இன்றும் கெய்ரோவில் நிற்கின்றது. அஸ்வான் பேரணை 1970 இல் நிறைவுற்ற பின்னர் அதற்கு வேலை இல்லை.

இதனைக் கட்டியவரின் பெயரைப் பழைய நூல்கள் ஒரே விதமாகத் தரவில்லை. சில அஹ்மத் என்கின்றன, சில முஹம்மத் என்கின்றன. ஃபர்கானி என்போர் இருவர், தந்தையும் மகனும், எனக் கருதியவரும் உண்டு.

பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாவதால் நேர்ந்த மிகப் பெரிய குழப்பமும் ஃபர்கானியுடன் தொடர்புடையதே. பூமியின் சுற்றளவில் ஒரு பாகை 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் ஆகும் என அவரது வானியல் நூல் கூறிற்று. 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பா நெடுங்காலம் கற்றது. கொலம்பஸும் இக்கணக்கை எடுத்துக்கொண்டார். ஆனால், ஃபர்கானியின் மைல் அரபு மைல். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். கொலம்பஸ் மனத்திற் கொண்டதோ ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உரோம மைல். அதனால் அவருடைய கணக்கில் உலகம் காற்பங்கு சுருங்கிவிட்டது. மேற்கே சென்றால் ஆசியா அண்மையில் வந்துவிடும் என நம்பி 1492 இல் அவர் புறப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏனைய அஹ்மத்மாரைச் சுருக்கமாகவே கூறுகிறேன். தாஜ்மஹாலின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படுபவர் 1649 இல் மறைந்த உஸ்தாத் அஹ்மத் லாஹோரி. அதற்குச் சான்று தந்தவர் பொறியியலாளன் எனப் பொருள்படும் 'முஹந்திஸ்' என்பதையே புனைபெயராகக் கொண்ட அவரது மகன் லுத்ஃபுல்லாஹ். 17 ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புலின் கலாத்தா கோபுரத்திலிருந்து சிறகு கட்டிப் பறந்ததாகச் சொல்லப்படும் ஹெஸார்ஃபென் அஹ்மத் செலபிக்கோ, எவ்லியா செலபி என்ற பயணியின் எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. நமது காலத்தவரான எகிப்தின் அஹ்மத் ஸுவைல் (1946–2016), மூலக்கூறுகளின் பிணைப்பு முறிவதையும் சேர்வதையும் ஒரு செக்கனின் நுண்ணிய கூறுகளில் லேசர் ஒளியால் படம்பிடித்தமைக்காக 1999 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

காலவரிசையைக் குலைத்துக் கடலோடியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நாம் துறைமுக மாவட்டத்தினர் என்பதே. அஹ்மத் இப்னு மாஜித் 15 ஆம் நூற்றாண்டில், இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலிருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். பாட்டனாரும் தந்தையாரும் கப்பல் வழிகாட்டிகள். ஏறத்தாழ 1490 இல் இவர் எழுதி முடித்த 'கிதாபுல் ஃபவாஇத்' கடல்வழிகளையும் பருவக்காற்றுகளையும் விண்மீன்களையும் விரித்துரைக்கின்றது. உலகின் பெருந்தீவுகள் பத்தினைக் குறிப்பிடும் பகுதியில் ஸைலான் என்று நமது இலங்கையும் இடம்பெறுகின்றது.

அன்றைய வழிகாட்டியின் கையிலிருந்த கருவி மிக எளிது. சிறு மரப்பலகை, நடுவே துளையிட்டுக் கோர்த்த, முடிச்சுகள் இட்ட ஒரு நூல். முடிச்சைப் பல்லிற் கடித்து, நூலை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானிலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்தினால், விண்மீனின் உயரம் விரற்கணக்கில் கிடைக்கும். அவ்வுயரம் எந்தத் துறைமுகத்துக்கு உரியதோ, அதே கோட்டில் கப்பல் நிற்கின்றது. இதனை இப்னு மாஜித் கண்டுபிடித்தார் என எழுதுவோர் உளர். அது சரியன்று. அவருக்கு முன்னரே கடலோடிகள் பயன்படுத்திய கருவி அது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்ததை அளந்து, சோதித்து, திருத்தி, எழுத்தில் வைத்ததே அவரது பணி.

அதைவிடப் பெரிய தவறொன்று அவர் பெயரின் மீது சுமத்தப்பட்டுள்ளது. 1498 இல் ஆபிரிக்காவின் மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வாஸ்கோ ட காமாவை அழைத்துவந்த வழிகாட்டி இவரே என நமது பாடநூல்களிற்கூடப் பலர் படித்திருப்பர். இந்துமா கடலைப் போர்த்துக்கேயருக்குத் திறந்துவிட்டவர் என்று சிலர் பழித்தனர். பெருங்கடலோடி என்று சிலர் அதனையே புகழாக்கினர். இதற்கு மூலம் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி பல்லாண்டுகளுக்குப் பின்னர், 16 ஆம் நூற்றாண்டில், எழுதிய யெமன் வரலாறு. வழிகாட்டிக்குக் குடிபோதை ஏற்றி வழியை அறிந்தனர் என்றும் அவர் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ஃபெராந் இதனை 20 ஆம் நூற்றாண்டில் உலகறியச் செய்தார். போர்த்துக்கேயர் எழுதிவைத்தவையோ வேறு கூறுகின்றன. அவ்வழிகாட்டி குஜராத்தி ஒருவர் என்கின்றன. இப்னு மாஜிதின் பெயரே அவற்றில் இல்லை. அன்று அவர் முதுமையடைந்திருந்தார். அவரது நூல்களை ஆழ்ந்து ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள் இக்கதையை ஏற்கவில்லை.

அப்படியாயின் அந்த வழிகாட்டியின் பெயர்தான் என்ன? போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரை 'மாலெமோ கனா' என்று குறிக்கின்றார். அதில் 'மாலெமோ' என்பது பெயரன்று. கற்பிப்பவர், கப்பலுக்கு வழி சொல்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். அதே சொல்லே நமது கரையில் 'மாலுமி' ஆயிற்று. மூதூர்த் துறையில் வள்ளம் தள்ளுகின்ற பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் சொல் அது.