கழிபொருளும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்றாசிரியன் அரசரின் சாசனங்களை மட்டுமன்றி, மக்கள் வீசியெறிந்த மட்பாண்ட ஓடுகளையும் சான்றாகக் கொள்கின்றான். இயந்திர யுகத்தின் கழிபொருட்களும் அத்தகையனவே என்பதற்கு 'அப்பிள்-1' கணனி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1976இல் ஸ்டீபன் வொஸ்னியாக் வடிவமைத்த இக்கணனி ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டது. உறையும் விசைப்பலகையும் இன்றி, வெறும் மின்சுற்றுப் பலகையாக 666.66 டொலருக்கு அது விற்கப்பட்டது. 1977இல் 'அப்பிள்-2' வெளிவந்தபின், பழையவற்றை மாற்றாகப் பெற்ற நிறுவனமே அவற்றை அழித்தது. எனவே எஞ்சியவை மிகச் சிலவாயின.

2015இல் கலிபோர்னியாவின் மில்பிற்றாஸ் நகரில், கணவனை இழந்த பெண்ணொருவர் வீட்டிலிருந்த பழைய மின்பொருட்களைப் பெட்டிகளிலிட்டு மீள்சுழற்சி நிலையமொன்றில் ஒப்படைத்தார். பற்றுச்சீட்டும் வேண்டாமென்று, பெயர் கூறாமலே சென்றுவிட்டார். சில வாரங்களின் பின் பெட்டிகளைத் திறந்தோர் அவற்றுள் 'அப்பிள்-1' ஒன்றைக் கண்டனர். அது 200,000 டொலருக்கு விலைபோயிற்று. பாதித் தொகையை அளித்தற்பொருட்டு நிலையத்தார் அப்பெண்ணைத் தேடினர்.

அத்தொகையே பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஆயின் வரலாற்று மாணவர் வினவவேண்டியது வேறு. அக்கணனியை வாங்கியவர் யார்? அதனை எதற்குப் பயன்படுத்தினார்? இவற்றுக்கு விடை கூறத்தக்கவர் பெட்டிகளை இறக்கிவைத்த அப்பெண்ணே. மண்ணடுக்குக் குறிக்கப்படாது அகழ்ந்தெடுத்த பானையோடு எத்தகையதோ, அத்தகையதே அவரது சொல்லின்றி விற்கப்பட்ட அக்கணனியும். ஆதலின் பழம்பொருளைப் பேணுவோர், அதனைத் தந்தவரின் வாய்மொழியையும் அன்றே கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும்.