கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்த ஹீட்டரும்

எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் காருக்குள் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருகிறது. முரண்பாடாகத் தெரியும் இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். காரின் வரலாற்றைப் பார்த்தால் அது எளிதில் புரியும்.

1886-இல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிவிடும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மகன்கள் இருவருடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை சென்றபோது, வழிநெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

1900-இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு ரேடியேட்டரை வடிவமைத்தார். காற்று புகுந்து செல்ல அதில் சுமார் 8,000 சிறு குழாய்கள் இருந்தன. இதனால் குறைந்த நீரே திரும்பத் திரும்பச் சுழன்று எஞ்சினைக் குளிர்வித்தது.

1930-களில், வீணாகும் அந்தச் சூட்டை உள்ளே இருப்பவர்களுக்குத் தரும் சுடுநீர் ஹீட்டர்கள் பரவின. ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர்தான்!

ஆகவே நீர் குறைந்தாலோ, குழாயில் காற்று அடைத்தாலோ, பம்ப் பழுதானாலோ சுடுநீர் ஹீட்டரை எட்டாது. எஞ்சினின் சூடும் வெளியேறாது. உடனே வண்டியை நிறுத்த வேண்டும். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் சுடுநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஆறிய பிறகு, பெர்த்தா செய்தது போலவே, முதலில் பார்க்க வேண்டியது நீரின் அளவைத்தான்.